கணக்கைக் கடற்கரைக்குக் கொண்டுவாருங்கள்

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் பணியாற்றும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும் தொண்டு நிறுவனங்களின் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். எஸ்.பி.பட்டினம் முதல் ரோச்மா நகர் வரை 230 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தக் கடற்கரையில் உங்கள் பெயர்ப்பலகை ஒன்றேனும் இல்லாத ஊர் குறைவு. மாலைநேரப் படிப்பு மையம், தையல் பயிற்சி, ஆதரவற்ற முதியோருக்கு மதியச் சோறு, மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம், இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் வீட்டுக்கு மாத மளிகை, பாசி எடுக்கக் கடலில் முங்கும் பெண்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் என்று, அரசின் கை எட்டாத பல இடங்களில் உங்கள் கை எட்டியிருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்று நம்புகிறேன். நம்புவதால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே. நீங்கள் தேர்ந்தெடுக்காத, நீங்கள் கூலி கொடுக்காத ஒரு குழு, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் வந்து உங்கள் கணக்கையும் வேலையையும் சேர்த்துச் சரிபார்க்க ஒப்புக்கொள்ளுங்கள். அந்தக் குழு எழுதித் தருவதை, கூட்டாமல் குறைக்காமல், உதவி பெற்ற மக்களின் முன்னால் படிக்க ஒப்புக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் புரட்டியே என் பணிக்காலம் போயிற்று. அந்தத் துறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. எந்தச் சங்கமும் தன்னைத் தணிக்கை செய்யும் ஆளைத் தானே பார்த்து வைத்துக்கொள்ள முடியாது, துறைதான் அனுப்பும். தணிக்கைக் கட்டணத்தைச் சங்கம் அரசுக் கணக்கில் கட்டும், தணிக்கையாளர் கையில் தராது. போனவர் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. உறுப்பினர்களின் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். அப்படியிருந்தும் 2021இல் கூட்டுறவு நகைக்கடன்களில் போலி நகைகள் வரை வெளியே வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. ஆகவே தணிக்கை என்ற ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும், யார் பார்க்க வேண்டும், பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மீது என்னென்ன கண்காணிப்பு இருக்கிறது? சங்கமாகப் பதிவு செய்திருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்கிறீர்கள். அறக்கட்டளையாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. அதன்பின் அந்த அலுவலகம் உங்களைத் தேடி வருவதில்லை. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்கும் ஓர் ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி யாரும் இல்லை. வருமான வரித்துறையோ, வரிவிலக்குப் பெற்ற நிறுவனம் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட்டதா என்று பார்க்கிறது. பட்டயக் கணக்காளரின் அறிக்கையைக் கேட்கிறது. 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளர் பட்டியலையும் வாங்கிக்கொள்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், கொடுத்தவருக்கு 80ஜி எனப்படும் வரிச்சலுகை கிடையாது. வெளிநாட்டுப் பணம் வாங்குவோர் மீது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பிடி மிகவும் இறுகிவிட்டது: தில்லியில் ஒரே வங்கிக் கிளை, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத உச்சவரம்பு.

இத்தனை இருக்கிறதே, இன்னும் என்ன கண்காணிப்பு என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் இவை எல்லாமே அரசு தன் வரிக்காகவும் தன் பாதுகாப்புக்காகவும் கேட்கும் கேள்விகள். வாலிநோக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன தையல் இயந்திரம் அவள் வீட்டில் இருக்கிறதா என்று இவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து பணம் அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். அவரோ ரசீதின் தலைப்பில் ‘அரசு பதிவு பெற்றது’ என்ற வரியையும் 80ஜி எண்ணையும், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் இணையப் பதிவான தர்ப்பண் எண்ணையும் பார்த்துவிட்டு, அரசு இவர்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறது என்று நம்பிக்கொள்கிறார். அந்த எண்கள் பதிவுக்கு மட்டுமே அத்தாட்சி. வேலை நடந்ததற்கு அத்தாட்சி அல்ல. அவர் இப்படி நம்புகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் திருத்தாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

காகிதம் சரியாக இருப்பதற்கும் காரியம் சரியாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை நான் கண்ணால் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரோ ஊரின் பெயரோ இங்கே தேவையில்லை.

மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி வழங்கியதாக ஒரு பட்டியல். தெரிந்த பெண் ஒருவர் அதன் நகலை என்னிடம் கொண்டுவந்தார். வரிசை எண், பெயர், கணவர் பெயர், கைபேசி எண், கடைசிக் கட்டத்தில் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பெருவிரல் ரேகை. பக்கத்துக்குப் பக்கம் எல்லாமே ரேகை. மை ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் விழுந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தப் பெண்களில் பலரை எனக்குத் தெரியும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள். வாராவாரம் கூட்டம் நடத்தித் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுபவர்கள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். இனிஷியலைச் சிலர் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். ஆனால் கைநாட்டு வைப்பதை அவர்கள் விட்டு வெகுகாலமாகிறது. வங்கிக் கடன் பத்திரத்தில்கூடக் கையெழுத்துத்தான். கையெழுத்துப் போடக் கற்றதை வாழ்வின் பெரிய வெற்றியாக நினைக்கும் பெண்கள், ஐஸ் பெட்டி வாங்கும்போது மட்டும் ஒட்டுமொத்தமாகக் கைநாட்டு வைத்தார்களா?

விசாரித்தபோது சிலருக்குப் பெட்டி வந்திருந்தது, சிலருக்குத் தெர்மாகோல் பெட்டி, மற்றவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதே தெரியவில்லை. அந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. விலைப்புள்ளி மூன்று, பில், ஜிஎஸ்டி, வங்கிப் பரிமாற்றம், பெற்றுக்கொண்டவர்களின் பட்டியல் எல்லாம் கோப்பில் வரிசையாக இருந்தன. தணிக்கை செய்த கணக்காளரை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு ஊரில் உட்கார்ந்து வவுச்சரைப் பார்ப்பவருக்கு அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று எப்படித் தெரியும்? அந்தத் தெருவில் உள்ள எவரிடம் காட்டியிருந்தாலும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அந்தத் தெருவில் எவரிடமும் யாரும் காட்டவில்லை.

கணக்கை ஊர் முன்னால் வைப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் ஊர்க் கூட்டத்தில் வரவு செலவு படிக்கிறோம். தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலானது, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் படிப்பார்கள். பூமாலைக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகப் போயிருந்தால் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்பார். பொறுப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத்திலும் தேவாலயப் பங்கிலும் இதே வழக்கம் வெவ்வேறு வடிவத்தில் இருக்கிறது. கடலுக்குப் போய்வந்த படகிலும் ஏலம் முடிந்ததும் டீசலுக்கும் ஐஸுக்கும் போனது போக மிச்சத்தை எல்லோரும் பார்க்கத்தான் பங்கு பிரிக்கிறார்கள். ஒரு மாலைக்கு இத்தனை கறாராகக் கணக்குக் கேட்கும் ஊர், தன் பெயரைச் சொல்லி வெளியூரில் திரட்டிய லட்சங்களுக்கு ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அது நினைக்கவில்லை. இனாமாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்டால் அடுத்த முறை கிடைக்காது என்ற பயம். இந்தப் பயத்தை நீக்குவது உங்கள் பொறுப்பு. பெறுகிறவர்கள் தாங்களாக நீக்கிக்கொள்ள முடியாது.

பழைய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காக ஒருவர் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுக்கிறார். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் இத்தனை அளவு நெய் அளக்க வேண்டும். எண்ணிக்கை குறையாமல் நிலைத்திருக்க வேண்டிய ‘சாவா மூவாப் பேராடு’ அவை. கொடுத்தவர் பெயர், ஏற்றவர் பெயர், அளவு எல்லாம் கல்லில் வெட்டி, கடைசியில் ‘இது பன்மாஹேஸ்வர ரக்ஷை’ என்று முடிப்பார்கள். அதாவது கொடுத்தவரும் அல்லாத, ஏற்றவரும் அல்லாத அடியார் கூட்டம் ஒன்றின் காவலில் அந்த அறத்தை ஒப்படைப்பார்கள். அதுவும் மூலையில் அல்ல, வருவோர் போவோர் எல்லாம் பார்க்கும் கோயில் சுவரில். கொடுத்தவர் இறந்துபோவார், ஏற்றவர் தலைமுறை மாறும், ஆகவே மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்று அன்றைக்கே தெளிவாக இருந்திருக்கிறார்கள். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடு முழுவதும் சொல்கிறதே, அந்த வள்ளல் நம் கீழக்கரைக்காரர். இன்றைக்கும் கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ரமலானில் ஜகாத் அனுப்புகிறார்கள். கொடுக்கும் குணம் இங்கே வற்றவில்லை. கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் ஏற்பாடுதான் தேய்ந்துவிட்டது.

ஏர்வாடியை இந்த இடத்தில் நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஊரில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அவை தொண்டு நிறுவனங்கள் அல்ல, குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப் போன இடங்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கொட்டகைகளைக் கடந்து எத்தனையோ யாத்ரிகர்கள் நடந்திருக்கிறார்கள். சங்கிலி எவர் கண்ணுக்கும் படாமல் இருக்கவில்லை. பார்த்தவர் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை; சொன்னதைக் கேட்டு எழுதிவைத்து, அடுத்த மாதம் மறுபடி வந்து பார்க்க ஓர் ஆள் இல்லை. இன்றைக்குக் குழந்தைகள் இல்லங்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் மனநலக் காப்பகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இருக்கின்றன. சட்டம் ஒரு பேரிழப்புக்குப் பிறகு வந்தது. உங்கள் மீது எந்தப் பழியும் விழாத இந்த நேரத்தில், எவரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களே முன்வந்தால் அதன் மதிப்பே வேறு.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில் நமக்குக் கற்க வேண்டியதும் உண்டு, தவிர்க்க வேண்டியதும் உண்டு. நெதர்லாந்தில் 1925 முதல் தொண்டு நிறுவனங்களின் நிதி திரட்டலைக் கண்காணிக்க ஒரு தனி அமைப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சேவோ என்ற அத்தகைய அமைப்பு 1934இல் தொடங்கியது. ஜெர்மனியில் பெர்லினிலிருந்து இயங்கும் ஒரு மைய நிறுவனம் 1992 முதல் ‘நன்கொடை முத்திரை’ வழங்கி வருகிறது. நிறுவனங்கள் தாமாக விண்ணப்பித்துக் கணக்கையும் விளம்பரத்தையும் சோதனைக்குக் கொடுக்கின்றன. இத்தகைய கண்காணிப்பு அமைப்புகள் நாடு கடந்து கைகோக்க 1958இலேயே ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. இந்தியாவிலும் கிரெடிபிலிட்டி அலையன்ஸ், கைட்ஸ்டார் இந்தியா போன்றவை, முன்வரும் நிறுவனங்களை மதிப்பிட்டுச் சான்று தருகின்றன. உங்களில் சிலர் அந்தச் சான்று வைத்திருக்கலாம். வைத்திருந்தால் மகிழ்ச்சி. ஆனாலும் மூக்கையூரில் ஓலைக் கொட்டகையில் நடக்கும் ஒரு படிப்பு மையத்துக்கு மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ வந்து பார்க்க இயலாது. அதற்கு இங்கேயே ஆள் வேண்டும்.

தவிர்க்க வேண்டியது, சதவீதத்தை வைத்து மட்டும் மதிப்பிடும் பழக்கம். நிர்வாகச் செலவு குறைவாகக் காட்டுகிறவர் நல்லவர், கூடுதலாகக் காட்டுகிறவர் கெட்டவர் என்ற எண்ணம் கொடையாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் இந்த மதிப்பீட்டு வேலையையே செய்துகொண்டிருந்த மூன்று அமைப்புகள் 2013இல் ஒன்றாகச் சேர்ந்து, இந்த ஒற்றை அளவுகோலை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதின. நம் ஊரில் நிலைமை இன்னும் சிக்கல். பாசி எடுக்கும் பெண்கள் அதிகாலையில் கடலுக்குப் போன பிறகு அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பாடம் சொல்லித் தரும் ஆசிரியையின் சம்பளம் நிர்வாகச் செலவா, தொண்டா? ஒழுங்காகக் கணக்கு எழுத ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் அவள் சம்பளம் வீண் செலவா? ஜகாத் பெறத் தகுதியுள்ளோர் என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையினரில் அதை வசூலித்துப் பங்கிடும் பணியாளர்களும் ஒரு வகையினர். அறத்தை நடத்துகிறவர்களுக்கும் வயிறு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சம்பளத்தை வேறு தலைப்பில் ஒளித்து வைக்கும் பழக்கம் உங்களிடம் வந்ததற்குக் கொடையாளர்களின் இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். சம்பளத்தைச் சம்பளம் என்றே எழுதுங்கள். அந்த ஆசிரியை தினமும் வந்தாரா என்று குழு பிள்ளைகளின் தாய்மாரிடம் கேட்கட்டும்.

இனி, குழுவை எப்படி அமைப்பது என்பது பற்றி.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்து பெண்கள், மீனவர் சங்கங்களிலிருந்து நாட்டுப்படகுக்காரர் ஒருவரும் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரும். எந்த நிறுவனத்தின் அறங்காவலரோ, ஊழியரோ, அவர்களின் நெருங்கிய உறவினரோ கூடாது. பதவியில் இருக்கும் அரசியல் கட்சிப் பொறுப்பாளர்களும் வேண்டாம். மூன்று ஆண்டுக்கு மேல் எவரும் தொடரக் கூடாது. செலவுக்கு நீங்கள் எல்லோரும் ஆண்டு வரவில் ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் என்று பொதுக் கணக்கில் கட்டுங்கள். பெரிய நிறுவனம் கூடுதலாகக் கட்டும், சிறியது சில நூறு ரூபாயோடு முடித்துக்கொள்ளும். யாரை யார் சோதிப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். உங்கள் பயனாளிகள் பட்டியலிலிருந்து பெயர்களையும் குலுக்கலில் எடுத்து, உங்கள் ஊழியர் கூட வராமல், வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏறி, உங்கள் ஊழியர் காட்டும் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வரும் ஆய்வு எனக்கு ஆய்வாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளும் எளியவை. உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? எப்போது? அது இப்போது எங்கே? அதற்காக உங்களிடம் யாராவது பணமோ வேலையோ கேட்டார்களா? உங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது எது? கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் சில ஊர்களில் தேவைக்கு மேல் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள், எல்லோருடைய கணக்கிலும் படகு சரியாகத்தான் இருந்தது. நாகப்பட்டினத்தில் 2005இன் தொடக்கத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தகவலை ஓர் இடத்தில் சேர்த்தார்கள். இலங்கை குறுக்கே இருந்ததால் நம் மாவட்டம் அந்த அலையிலிருந்து பெருமளவு தப்பியது. அதனாலேயோ என்னவோ அப்படி ஒரு பழக்கமும் இங்கே வரவில்லை.

அறிக்கை தயாரானதும் உங்களுக்கு ஒரு மாதம் தர வேண்டும். தவறாக எழுதியிருந்தால் மறுப்பு எழுதுங்கள். அந்த மறுப்பும் அறிக்கையோடு சேர்ந்தே வெளியாகும். நட்சத்திரம், மதிப்பெண், முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம். போட்டி வந்தால் மறைப்பதும் கூடவே வரும். பிறகு அறிக்கையை ஊரில் படிக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டச் சட்டம் 2005இல் வந்தபோதே, கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவில் எழுதினார்கள். மண்வெட்டியோடு நின்ற பெண்கள் வருகைப் பதிவேட்டில் தங்கள் பெயருக்கு எதிரே இருந்த நாட்களை எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்டதை இந்த மாவட்டத்திலும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு உங்கள் கணக்கும் புரியும்.

எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இல்லங்களில் இருக்கும் குழந்தைகள், வீட்டில் அடிபட்டு அடைக்கலம் தேடி வந்த பெண்கள், நோய் காரணமாக உதவி பெறுவோர் ஆகியோரின் பெயர் வெளியே வரவே கூடாது. அங்கே குழு மட்டும் நேரில் பார்த்து, பெயர் இல்லாமல் எழுதட்டும். ஆதார் எண், கைபேசி எண் எந்தப் பட்டியலிலும் வெளியாகக் கூடாது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ அரிசிக்காக ஒரு மூதாட்டியை பேனருக்கு முன்னால் நிறுத்தி, பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, முகம் தெரியப் படம் எடுத்து, அதைக் கொடையாளருக்கு அனுப்புகிறீர்கள். கேட்டால் ஆதாரம் வேண்டுமே என்கிறீர்கள். அந்தப் படம் எதற்கும் ஆதாரமில்லை. படம் எடுத்த பிறகு பை அவர் கையிலேயே இருந்ததா என்பதைப் படம் சொல்லாது. கணவன் இலங்கைச் சிறையில் இருக்கும்போது, மளிகைப் பையோடு தன் படம் ஊரார் கைபேசியெல்லாம் சுற்றியதை நினைத்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும். வெளியாள் ஒருவர் வந்து பார்த்து எழுதும் ஏற்பாடு வந்துவிட்டால் இந்தப் படங்களுக்குத் தேவையே இருக்காது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது இவ்வளவு ஆசை இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சிறிய நிறுவனங்களின் கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு அலுவலகமே வீட்டுத் திண்ணைதான். கணக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. குழு வந்து பழி சொல்லிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். முதல் ஆண்டு குழு உங்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுத் தரட்டும், சோதனை இரண்டாம் ஆண்டிலிருந்து இருக்கட்டும். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இதற்கு நேரம் தரத் தயாராக இருக்கிறோம். வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனங்களுக்கோ வேறு கவலை: வெளியே சொன்னதை எவராவது திரித்துப் புகார் எழுதி, பதிவு ரத்தாகிவிட்டால்? அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, நான் அதை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் 2022இல் உள்துறை அமைச்சகம் தன் இணையதளத்தில் உங்கள் ஆண்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்கும் வசதியை எடுத்துவிட்ட பிறகு, உங்களைப் பற்றி நல்லதைத் தெரிந்துகொள்ளவும் மக்களுக்கு வழியில்லாமல் போய்விட்டது. ஊரே சாட்சியாக நிற்கும் ஒரு நிறுவனத்தின் மீது பொய்ப் புகார் எழுதுவது அத்தனை எளிதல்ல. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறுவோருக்கு ஒரு குறிப்பு: அத்தகைய தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்டபின் கொடுப்பதைவிடக் கேட்கும் முன்பே கொடுத்துவிடலாம்.

காலம் வேறு மாறிக்கொண்டிருக்கிறது. படகு எரிந்துவிட்டது, குழந்தைக்கு அறுவை சிகிச்சை, மீனவர் கைது என்று ஒரு படமும் ஒரு க்யூஆர் குறியீடும் கைபேசிக்கு வந்த அரை மணி நேரத்தில் துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பணம் வந்து சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பிறகு எவரும் சொல்வதில்லை. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை உண்மையான வேண்டுகோளையும் தள்ளிவிட்டுப் போகிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக முறையாக வேலை செய்யும் உங்கள் வாசலுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களில் இருவர் என்னிடமே அதைச் சொல்லி வருந்தினீர்கள். அடுத்த புயலோ வெள்ளமோ வரும் நாளில் இந்தக் கரைக்கு வர வேண்டிய உதவி சந்தேகத்தில் நின்றுபோனால், நஷ்டம் உங்களுக்கல்ல, குடிசையில் இருப்பவர்களுக்கு.

எல்லா நிறுவனங்களும் ஒரே நாளில் வந்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொண்டியிலிருந்து இரண்டு, தேவிபட்டினத்திலிருந்து ஒன்று, பாம்பன் தீவிலிருந்து மூன்று, கீழக்கரை ஏர்வாடிப் பக்கத்திலிருந்து இரண்டு, சாயல்குடிக் கரையிலிருந்து இரண்டு என்று முதல் ஆண்டுக்குப் பத்து நிறுவனங்கள் முன்வந்தால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்களும் ஊரில் இருப்பார்கள். முதல் வாசிப்பை அந்த நாட்களில், ஒவ்வோர் ஊரிலும் மீன் ஏலக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். மாலை நேரமாக இருந்தால் பெண்களும் வர முடியும்.

சம்மதம் உள்ளவர்கள் தங்கள் லெட்டர்பேடில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, உங்கள் பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பிடமும் மீனவர் சங்கத்திடமும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். கடிதத்தோடு மூன்று ஆவணங்கள் தயாராக இருக்கட்டும்: சென்ற நிதியாண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பணி நடக்கும் ஊர்களின் பட்டியல், உதவி பெற்றோரின் பட்டியல். மூன்றாவதை உறையில் போட்டு ஒட்டி, குழு அமைந்த பிறகு குழுவிடம் மட்டும் தாருங்கள். நடைமுறையில் எங்கே இடிக்கும், எதை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் பங்குனி முடிவதற்குள் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இடம் பிடிப்பதும் நாற்காலி போடுவதும் என் பொறுப்பு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்,
தங்கச்சிமடம்